நாற்காலி மடங்கும் சத்தம்

ஜனவரி 9, வெள்ளி

காலையில் பனி. அல்சூர் ஏரி இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. ஸ்வெட்டர் போட்டும் விரல் விறைக்கிறது. நாளை இதே விரலை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கீபோர்டு வாசிக்க வேண்டும்.

ஆபீஸ் மீட்டிங் இரண்டு. இரண்டிலும் கேமரா ஆஃப். அடுத்தவன் எழுதிய சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு, இருபத்து நான்கு வருஷமாக. இப்போது நானே ஒன்றைச் செய்து சபையில் வைக்கப் போகிறேன். எவன் எவன் என்னென்ன கண்டுபிடிப்பானோ.

செய்ய வேண்டியவை:
– கீபோர்டு ஸ்டாண்டின் ஆடுகிற காலுக்கு அட்டை
– கருத்துச் சீட்டு ஜெராக்ஸ், பேனா ஒரு டஜன்
– கறுப்புச் சட்டை இஸ்திரி
– ரகுவோடு சண்டை போடாமல் இருப்பது

ரகு டைரக்டர். என்னோடு பி.யு.சி. படித்தவன். நாடகத்துக்கு 'அத்திபெலேயில் ஒரு நாள்' என்று பெயர். பந்த் அன்று ஓசூர் போகிற பஸ் மாநில எல்லையில் நின்றுவிடுகிறது, பயணிகள் பொழுது சாயும்வரை அங்கேயே கிடக்கிறார்கள். கதை அவ்வளவுதான். பதினோரு பாட்டு. வரிகள் ரகு, மெட்டு நான். தமிழ்ச் சங்க ஹாலில் நாளை ஒன்று, ஞாயிறு ஒன்று, பொங்கல் கழித்து 17ஆம் தேதி ஒன்று. மூன்றும் நல்லபடியாகப் போனால் மைசூரு, ஓசூர் என்று கூப்பிடுவார்கள் என்கிறான். போகாவிட்டால் என்ன என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாலை ஒத்திகை. மலருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. மிளகுப் பால் குடிக்கச் சொன்னேன். மலர்விழி தர்மபுரிப் பெண். ஈஜிபுராவில் மூன்று பேரோடு ஒரு ரூம், பல் டாக்டர் கிளினிக்கில் ரிசப்ஷன். நாடகம் முழுக்கக் கைக்குழந்தையோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள், வசனமே கிடையாது. கடைசிப் பாட்டு மட்டும் அவளுடையது. அவள் குரல் எங்கே லேசாக உடைகிறதோ அங்கேதான் மெட்டை நிறுத்தியிருக்கிறேன். நான் போட்டதில் உருப்படியானது அது ஒன்றுதான். இதை ரகுவிடம் சொல்லக் கூடாது.

அவள் அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். மேடையில் பாடுகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து மூன்று மாதமாக அவளோடு பேசவில்லை. அம்மா எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். 17ஆம் தேதி இரண்டு பேரும் வருகிறார்கள். இதையே என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

கடைசிக் காட்சி: பயணிகள் எல்லோரும் மேடை விளிம்பில் ஒரே வரிசை. கையைத் தொங்கவிட்டு, ஆடாமல் அசையாமல், எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி. பளிச்சென்று வெளிச்சம். நான் ஆர்மோனியம் மாதிரி ஒரே சுரத்தை எட்டு எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பிறகு மலர். தன் வாழ்நாளில் இதைவிட நல்ல காட்சி அமைத்ததில்லை என்கிறான் ரகு. பார்க்கலாம்.

என் இடம் மேடைக்குக் கீழே, மேடையைப் பார்த்து. பாடுகிறவர்களுக்கு என் தலையசைப்பு தெரிய வேண்டும். ஆகவே சபைக்கு என் முதுகு. என் பாட்டை ஜனங்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியாது.

ஜனவரி 11, ஞாயிறு, காலை

நேற்று எழுதக் கை வரவில்லை.

ஹால் முக்கால்வாசி நிறைந்தது. சங்கத் தலைவர் முன்வரிசை நடுவில், புவனா அவருக்கு இரண்டு சீட் தள்ளி. பட்டுப் புடவை, தலையில் கனகாம்பரம். பெண்டாட்டி முன்வரிசையில் உட்கார்ந்தால் முதுகு இன்னும் கூசுகிறது.

காதால் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.
பாட்டு 1: இருமல். செல்போன் ஒன்று. பரவாயில்லை.
பாட்டு 3, கண்டக்டர் பாட்டு: சோகமாகத்தான் போட்டிருந்தேன். சிரிப்பு! எதற்கென்று தெரியவில்லை. ரகு ஓரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டுகிறான். சரி, காமெடிப் பாட்டு என்று வைத்துக்கொள்வோம்.
பாட்டு 6: கைதட்டல். நிஜமானது. பின்வரிசை வரைக்கும்.

இடைவேளையில் காபி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "ஹீரோ யாருன்னே தெரியலையேப்பா." "பந்த் கிந்துன்னு எதுக்கு இதெல்லாம், நாமளே நிம்மதியா இருக்கோம்." "மியூசிக் யாரு?" "யாரோ சாஃப்ட்வேர் ஆளாம்." யாரோ சாஃப்ட்வேர் ஆள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

பிறகு கடைசிப் பாட்டு. வரிசையாக நின்றார்கள். நான் சுரத்தைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் பின்னால் டப். அந்த ஹாலில் ஆள் எழுந்தால் நாற்காலி தானாக மடங்கிக்கொள்ளும், டப் என்று. ஒரு டப், இரண்டு, பிறகு மழை பிடித்த மாதிரி டப் டப் டப். முப்பதுக்கு மேல் எண்ணவில்லை. ஹால் லைட்டையும் போட்டுவிட்டார்கள். மலர் வாய் திறக்கும் முன்பே கூட்டம் எழுந்துவிட்டது. அவள் பாட்டு முடியும்போது பின்பக்கம் பந்தியில் தட்டுச் சத்தம் கேட்டது. பிசிபேளாபாத் வாசனை மேடைவரை வந்தது.

முகத்தில் லைட் அடித்ததால் மலருக்கு ஒன்றும் தெரியவில்லை. "நல்லா வந்துச்சா சார்?" என்றாள். நல்லா வந்துச்சு என்றேன்.

இன்று காலை தோசைக்கு உட்கார்ந்ததும் கொட்டித் தீர்த்தேன். கலை தெரியாத ஜனம், சோற்றுக்கு அலைகிற ஜனம், அந்தப் பாட்டுக்கு எழுந்து போனவன் எவனும் மனுஷனே இல்லை. பு. அடுப்பில் தோசை கருகுகிறது என்று எழுந்து போனாள். கருகவில்லை.

மாலை இரண்டாம் காட்சி. பு. வரமாட்டாள், மல்லேஸ்வரத்தில் அவள் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 12, திங்கள்

தலைவலி. குளிர். லீவ் போட்டேன்.

நேற்றும் அதே கதை. கண்டக்டர் பாட்டுக்குச் சிரிப்பு, ஆறாம் பாட்டுக்குக் கைதட்டல், கடைசிப் பாட்டுக்கு டப் டப் டப். அதே இடம், எண்ணி மூன்றில். மலரின் குரல் அந்தச் சத்தத்துக்கு நடுவில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வாசித்துக்கொண்டே கண் கலங்கிவிட்டது, வெட்கமாக இருக்கிறது.

கருத்துச் சீட்டுகளைப் படித்தேன். சில:
– "அருமை."
– "ஏ.சி. அதிகம். வயதானவர்களை நினைக்கவும்."
– "கண்டக்டர் நல்ல நடிப்பு. வயிறு வலிக்கச் சிரித்தோம்."
– "கேசரியில் நெய் போதாது."
– "நிகழ்ச்சி முடிவில் நாட்டுப்பண் பாடவில்லை. சங்கத்துக்கு இது அழகல்ல."
– "இசை சுமார்."

இசை சுமார் என்று எழுதிய மகராசன் பெயர் போடவில்லை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, யாரோ வாத்தியார். கடைசிப் பாட்டைப் பற்றி ஒரே ஒரு சீட்டில்கூட ஒரு வார்த்தை இல்லை. இருந்தால்தானே எழுத, எல்லோரும் பந்தியில்.

மதியம் ரகு போன். சுற்றி வளைத்தான், என் உடம்பை விசாரித்தான். ரகு உடம்பை விசாரித்தால் விஷயம் மோசம் என்று அர்த்தம். கடைசிப் பாட்டை எடுத்துவிடலாம், பத்தாம் பாட்டோடு திரை போட்டால் கைதட்டலோடு முடியும் என்றான். 17ஆம் தேதி ஓசூர்க்காரர்கள் பார்க்க வருகிறார்களாம்.

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, இன்னொரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டாமே என்று. சரி என்றேன். மலரிடம் யார் சொல்வது என்றேன். பாட்டு உன்னுதுதானே என்றான் பாவி.

ஜனவரி 13, செவ்வாய்

மேகமூட்டம். மலர் இன்று சாயங்காலம் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறாள். அதற்குள் சொல்ல வேண்டும்.

கிளினிக் வாசல்வரை போனேன். கண்ணாடிக்குள் தெரிந்தாள், யாருக்கோ டோக்கன் கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன். ஆட்டோவில் உட்கார்ந்து மெசேஜ் எழுதினேன். நாலு தடவை அழித்து எழுதினேன். கடைசியில் போனது: "மலர், நேரம் நீள்வதால் கடைசிப் பாட்டை இந்த முறை எடுத்துவிடுகிறோம். உன் மேல் தப்பு ஒன்றும் இல்லை."

"சரி சார்" என்று பதில். கூடவே ஒரு கட்டைவிரல்.

திட்டியிருந்தால் தேவலை. பொங்கல் வாழ்த்துகூட அனுப்பாமல் போனை உள்ளே வைத்துவிட்டேன். பாட்டு இல்லாவிட்டால் அவள் அப்பா வந்து எதைப் பார்ப்பார்? மூலையில் பொம்மைக் குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் மகளை. அதற்கா மூன்று மாதம் பேசாமல் இருந்தது என்பார்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கரும்பு நார். எதிர்வீட்டு அம்மா எள்ளு பெல்லம், எள்ளும் வெல்லமும், கொண்டுவந்து கொடுத்தார். "நாட்டகா ஹேகாய்த்து?" என்று கேட்டார், நாடகம் எப்படி ஆயிற்று என்று. சென்னாகித்து, நன்றாக இருந்தது என்றேன். எல்லா பாஷையிலும் பொய் சொல்ல வருகிறது எனக்கு.

கீபோர்டைத் தொடவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

வெயில்.  வரிசையாக எழுதுகிறேன்.

பு. டீச்சராக இருக்கிற ஸ்கூலுக்கு லீவ். கூடத்தில் தினசரித் தாளை விரித்து அவரைக் கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தோம். ஊறவைத்த கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் பருப்பு துள்ளி வெளியே வரும், அந்த வேலை மட்டும் எனக்கு நன்றாக வரும். அப்போதுதான் அவளிடம் சொன்னேன், பாட்டை எடுத்தாயிற்று, மலரிடமும் சொல்லியாயிற்று என்று.

அவள் கை நின்றுவிட்டது. எந்தப் பாட்டு என்றாள். சொன்னேன். ஏன் என்றாள். ஏனா, கூட்டம் மொத்தமும் எழுந்து போயிற்றே, முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஏன் என்கிறாயே என்று கத்தினேன். தலையைக் குனிந்து நாலைந்து பருப்பு பிதுக்கினாள். பிறகு சொன்னாள்:

"மொதல்ல எழுந்ததே நான்தாங்க."

எனக்குப் புரியவில்லை.

"லைட்டெல்லாம் போட்டாங்க. எல்லாரும் கையத் தொங்கப்போட்டு வரிசையா நின்னாங்க. நீங்க ஆர்மோனியத்துல ஊ...ன்னு ஆரம்பிச்சீங்க. நான் தினமும் ஸ்கூல்ல நிக்கறவ. கால் தானா எழுந்துடுச்சு. ஜன கண மன வரப்போவுதுன்னுதான் நெனச்சேன். நான் எழுந்ததும் தலைவர் எழுந்தாரு. தலைவர் எழுந்தா ஹாலே எழுந்துடாதா?"

அப்புறம் மலர் பாட ஆரம்பித்ததும்தான் எல்லோருக்கும் தெரிந்ததாம், அது இல்லை என்று. பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் நின்றாயிற்று, இனி உட்கார்ந்தால் அசிங்கம் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் அப்படியே பந்திப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"காலையில தோசை தின்னுட்டே, எழுந்தவன் மனுஷனே இல்லன்னீங்களே. எப்படிச் சொல்லட்டும்?"

 பிறகு சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்ததில் தாள் கவிழ்ந்து பருப்பெல்லாம் சோபாவுக்கடியில். சிரித்து முடித்ததும் நினைவு வந்தது: மலர்.

ரகுவுக்கு போன். முதலில் நம்பவில்லை.  பிறகு "நம்ம நாடகத்துக்கா எழுந்து நின்னாங்க" என்றான், அதில் கொஞ்சம் சந்தோஷம் வேறு. பாட்டைத் திரும்பச் சேர்த்தாகிவிட்டது. வரிசை வேண்டாம், எல்லோரும் மூட்டை, பெட்டி மேல் உட்கார்ந்துகொள்ளட்டும். ஆர்மோனியம் வேண்டாம், புல்லாங்குழல் ஒலி.

மலருக்கு ஆறு தடவை போன். எடுக்கவில்லை. மெசேஜ் போய்ச் சேர்ந்திருக்கிறது, பார்க்கவில்லை. வராமலே இருந்துவிட்டால்? எனக்குச் செருப்படி வேண்டும்.

ஜனவரி 17, சனி, காலை

மறுபடி பனி. தூக்கம் சரியில்லை.

எட்டு மணிக்கு ஹாலுக்குப் போய் நாகராஜைப் பார்த்தேன். ஹாலைத் திறக்க, பூட்ட, லைட் போட எல்லாம் அவர்தான். அந்த இரண்டு நாளும் கடைசியில் ஹால் லைட்டை யார் போட்டது என்று கேட்டேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"நான்தான் சார். எல்லாரும் லைன்ல நிந்துட்டாங்கன்னா ராஷ்டிரகீதே, லைட் போட்டு நாமளும் நிக்கணும். இருபது வருஷமா ஒரு ஃபங்ஷன்லயும் மறந்ததில்ல."

ஞாயிறு பு. இல்லாமலே கூட்டம் எழுந்தது இந்த லைட்டால்தான். பாராட்டை எதிர்பார்த்து நின்றார். என்ன செய்ய, நன்றி சொன்னேன். இன்று பாட்டு முடிந்து எல்லோரும் வணக்கம் சொன்ன பிறகு நிஜமான நாட்டுப்பண் பாடப்போகிறோம், லைட் அப்போது போதும் என்றேன். எப்போது என்று எப்படித் தெரியும் என்றார். ரகு வந்து பக்கத்தில் நின்று சொல்வான் என்றேன். மனசில்லாமல் தலையாட்டினார்.

9.40. மலர் போனை எடுத்தாள்! பஸ்ஸில் இருக்கிறாள். அத்திபெலேயில் டிராபிக், பஸ் நின்றுவிட்டதாம். எங்கள் நாடகமே அங்கே நிஜமாக நடந்துகொண்டிருக்கிறது. நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன், புவனா எழுந்ததையும், நாகராஜ் லைட்டையும், நான் கிளினிக் வாசலிலிருந்து திரும்பி ஓடியதையும். தப்பு என்னுது, மன்னிச்சுக்கோம்மா என்றேன். நாற்பத்தொன்பது வயதில் இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் கேட்கிறேன், ஆட்டோ ஸ்டாண்டில் நின்றுகொண்டு. எவனாவது பார்த்தால் பார்க்கட்டும்.

போனில் பஸ் ஹாரன் மட்டும். பிறகு மெதுவாக:

"அப்பா முன்னாடி சீட்டுல தூங்கறாரு சார். பாட்டு இல்லன்னு இன்னும் அவருகிட்ட சொல்லல. எப்படிச் சொல்றதுன்னு கிருஷ்ணகிரிலேருந்து யோசிச்சிட்டு வரேன்."

சொல்ல வேண்டாம் என்றேன்.

"சரி சார்" என்றாள். அந்த சரி சார் வேறு, இந்த சரி சார் வேறு.

பயம் மட்டும் போகவில்லை. இத்தனைக்கும் பிறகு இன்றும் டப் என்று கேட்டால், அது நிஜமாகவே பாட்டு பிடிக்காமல்தான். சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

ஜனவரி 18, ஞாயிறு, காலை

நேற்று மாலை கூட்டம் நிறைய. ஓசூர்க்காரர்கள் மூன்று பேர், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பு. இந்த முறை வேண்டுமென்றே கடைசி வரிசை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே உட்காருகிறேன், கால் எழுந்தாலும் கை விடாது என்றாள்.

மலரின் அப்பாவை வாசலில் பார்த்தேன். ஒல்லி. வெள்ளைச் சட்டை, நகத்தில் போகாத கறுப்பு. வணக்கம் சொன்னேன். தலையை அசைத்தார், பேசவில்லை. அம்மாதான் பேசினாள், அதுவும் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து. நாகராஜ் எல்லோருக்கும் கொடுக்கிற மாதிரி அவர்களுக்கும் சாப்பாட்டு டோக்கன் கொடுத்தார்.

கண்டக்டர் பாட்டுக்குச் சிரிப்பு. ஆறாம் பாட்டில் ஒரு வரி மறந்துவிட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை. பத்தாம் பாட்டு. கைதட்டல்.

கடைசிக் காட்சி. எல்லோரும் மூட்டை முடிச்சு மேல் உட்கார்ந்தார்கள். நாகராஜ் சுவிட்ச் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஹால் இருட்டு. ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்றும் இல்லை. எட்டு. ஒன்றும் இல்லை! மலர் ஆரம்பித்தாள்.

'ஒரு காலு இந்தப் பக்கம், ஒரு காலு அந்தப் பக்கம், நடுவுல நிக்கிறேனே, எது எங்க வீட்டுப் பக்கம்.'

இருமல்கூட இல்லை. இந்த அமைதி சத்தத்தைவிடப் பயமாக இருந்தது. 

இரண்டாம் வரியில், டப்.

ஒன்றே ஒன்று.  அடுத்ததுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. காலடிச் சத்தமும் இல்லை. எழுந்தவர் எங்கே போனார்? பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், அடக்கி: "யோவ், மறைக்குது, உக்காருய்யா."

"பாடறது எம்பொண்ணுங்க."

மேடைக்குக் கேட்டுவிட்டது. மலர் நின்றுவிட்டாள். அந்த வரியையே நான் திரும்ப வாசித்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, இருட்டுக்குள் தேடிக்கொண்டு நிற்கிறாள், மூன்றாம் தடவையில் பிடித்துக்கொண்டாள்.

விரல் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் தலையைத் திருப்பிப் பார்த்தேன், மூன்று காட்சியில் முதல் தடவையாக. மூன்றாம் வரிசை ஓரம். கையைத் தொங்கவிட்டு, நேராக, ஆடாமல் நிற்கிறார். பக்கத்தில் அம்மா அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுக்கிறாள். சாப்பாட்டு டோக்கன் இன்னும் கையில். பாட்டு முடிகிறவரை உட்காரவில்லை.